ரயில் கம்பியில் தெறிக்கும் பொறி: மேக்நாத் சாஹா சமன்பாடு சொல்வது என்ன?

திண்டிவனம் - விழுப்புரம் பாதையில் இரவில் ரயில் போகும்போது, மேலே மின்கம்பியில் நீல நிறப் பொறி தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். ரயிலின் தலையில் உள்ள பான்டோகிராஃப் கம்பியை விட்டு ஒரு கணம் விலகினாலும் போதும், இடையில் இருக்கும் காற்று பிளாஸ்மாவாக மாறி மின்சாரத்தைக் கடத்தும். இதுதான் ‘ஆர்க்’. பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் தாமிரக் கம்பி உருகி, குழி விழுந்து தேயும். கம்பி அறுந்தால் ரயில்கள் நின்றுவிடும்.

இந்தச் சேதத்தை கம்ப்யூட்டரில் கணிப்பவர்களின் முதல் கேள்வி இது: இவ்வளவு சூட்டில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும்? அதற்கு விடை தரும் சமன்பாட்டை 1920-ல், 26 வயதில் எழுதியவர் மேக்நாத் சாஹா.

யார் இவர்?

1893 அக்டோபர் 6-ல், டாக்கா அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாவது. படிப்பு பாதியில் நிற்க இருந்தபோது, ஒரு மருத்துவர் தன் வீட்டில் தங்கவைத்துப் படிக்க உதவினார். 1905-ல் வங்கப் பிரிவினை. பள்ளிக்கு வந்த கவர்னரைப் புறக்கணித்ததால் உதவித்தொகையும் போச்சு, பள்ளியும் போச்சு. வேறு பள்ளியில் சேர்ந்து, கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரி வரை வந்தார். அங்கே விடுதியிலும் சாதி துரத்தியது; சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட சில மாணவர்கள் மறுத்தார்கள்.

சமன்பாடு என்ன சொல்கிறது?

வெப்பம் கூடினால் அதிக அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும். அழுத்தம் கூடினால் அது குறையும். எந்தத் தனிமம் என்பதும் முக்கியம். நைட்ரஜன் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க சுமார் 14.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை, தாமிரத்துக்கு 7.7 போதும். அதனால்தான் கம்பி உருகி தாமிர ஆவி கலந்ததும் ஆர்க் சுலபமாக அணைவதில்லை.

சாஹா யோசித்தது ரயிலைப் பற்றி அல்ல, சூரியனைப் பற்றி. நட்சத்திர ஒளியை வைத்து அதன் வெப்பத்தைக் கணக்கிட வழி திறந்தது இந்தச் சமன்பாடுதான்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. உலோகத்தை ஒட்டிய மிக மெல்லிய அடுக்கில் எலக்ட்ரான்களின் வெப்பம் வேறு, அணுக்களின் வெப்பம் வேறு. அங்கே சமநிலை குலைவதால் சாஹா கணக்கு மட்டும் போதாது. கம்பியில் குழி விழுவதும் அந்த இடத்தில்தான். கணிப்பவர்கள் இன்றும் மல்லுக்கட்டுவது அதோடுதான்.

பிறகு?

1927-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். அலகாபாத்தில் 15 வருடம் பேராசிரியர். பின்பு கொல்கத்தாவில் அணு இயற்பியல் நிறுவனம் தொடங்கினார். இன்று அது அவர் பெயரில் இயங்குகிறது. 1952-ல் தேர்தலில் வென்று மக்களவைக்குப் போனார். 1956 பிப்ரவரி 16-ல், டெல்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் இறந்தார். வயது 62.