பார்த்தவர், பாதுகாத்தவர்

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து தஞ்சாவூருக்குப் பலமுறை பேருந்தில் சென்றிருக்கிறேன். ஒத்தக்கடையை நெருங்கும்போது யானைமலை சன்னலோரமாக உடன் வரத் தொடங்கும். அதன் அடிவாரத்தில், எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் குடையப்பட்ட நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. பல ஆண்டுகள் நான் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. புறப்படும் முன் நிலையத்தருகே புரோட்டா, போய்ச் சேர்ந்ததும் வாழையிலையில் சாப்பாடு என்பதாகவே என் பயணக் கணக்கு இருந்தது. அதை மாற்றியவர், நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான்.

1904-இல் திருநெல்வேலியில் பிறந்த அவர், அரசுத் துறையில் கீழ்நிலைப் பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, மாவட்ட ஆட்சியராக இருந்து ஓய்வு பெற்றார். பொதுவுடைமை எழுத்தாளர் தொ.மு.சி. ரகுநாதன் அவருடைய தம்பி. அண்ணன் கோயில் கோயிலாகச் சென்றார். தம்பி ஆலைத் தொழிலாளியையும் நெசவாளியையும் எழுதினார். இருவேறு திசையில் நடந்த அந்த இருவருக்கும் தமிழே பொதுச் சொத்தாக இருந்தது.

தொண்டைமானின் ரசனைக்கு ஆசான் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். நெல்லை வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டியில் கம்பனைச் சுவைக்கக் கற்றவர்களுள் தொண்டைமானும் ஒருவர். ரசிகமணியின் விருந்தோம்பல், பின்னாளில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் பெயர் பெற்றது. அங்கே உணவும் கவிதையும் ஒருசேரப் பரிமாறப்பட்டன. ஆகவே, ஊர் ஊராகச் சென்று நல்ல உணவைத் தேடி உண்பதை நான் குறைவாக எண்ணவில்லை. நாவின் சுவையோடு பயணம் நின்றுவிடுவதே குறை.

அரசு அலுவலருக்குச் சுற்றுப்பயணம் பணியின் ஒரு பகுதி. கோப்பும் கணக்கும் முடிந்த பின் கிடைத்த பொழுதைத் தொண்டைமான் கோயில்களுக்குக் கொடுத்தார். சந்நிதியில் வணங்கியதும் திரும்பிவிடாமல் தூணையும் கோட்டத்தையும் நின்று பார்த்தார். அந்தப் பார்வையின் விளைவே 'வேங்கடம் முதல் குமரி வரை'. ஒரு கதையில் தொடங்கி, ஊருக்குப் போகும் வழியைச் சொல்லி, கோயிலுக்குள் கைப்பிடித்து அழைத்துச் சென்று, எந்தச் சிற்பத்தின் முன் நிற்க வேண்டும் என்று காட்டும் எழுத்து அது. கல்வெட்டு அறிஞருக்காக அன்றி, வண்டி பிடித்து வரும் சாதாரணக் குடும்பத்துக்காக எழுதப்பட்டது. ஆய்வாளர்கள் சிலருக்கு அதில் புராணம் மிகுதி, ஆதாரம் குறைவு என்று தோன்றலாம். அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆயினும், ஆயிரக்கணக்கான தமிழ் வாசகர்களைச் சிலையின் முன் நிற்க வைத்தது அந்த எழுத்துதான்.

அவருடைய ரசனை எழுத்தோடு நிற்கவில்லை. தஞ்சையில் அவர் பணியாற்றிய காலத்தில், சோழ நாட்டு வயல்வெளிகளிலும் இடிந்த கோயில்களிலும் சிலைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. கருந்தட்டான்குடியில் கிடந்த பிரம்மன் சிலையை வெளியூர்க் கலைப்பொருள் வணிகர் ஒருவர் கொண்டுசெல்ல முயன்றதும், ஊரார் தடுத்ததுமே ஒரு கலைக்கூடம் தோன்றக் காரணமாயின என்பர். மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவில் 1951-இல் அரண்மனையில் தஞ்சைக் கலைக்கூடம் உருவானது. சிலைகளைத் தேடிச் சேர்த்து அதற்கு உயிர் கொடுத்தவர்களுள் தொண்டைமான் முதன்மையானவர்.

சிலையை அதன் ஊரிலிருந்து எடுப்பது சரியா என்ற கேள்வி எனக்கும் உண்டு. பூசை நடக்கும் கோயிலில் விளக்கொளியில் காணும் தெய்வம் வேறு. கூடத்தில் எண்ணிட்டு நிற்கும் கலைப்பொருள் வேறு. ஆனால், அன்று அச்சிலைகளின் முன்னிருந்த தேர்வு கோயிலா, கூடமா என்பதன்று. மண்ணுக்குள் புதைவதா, கடல் கடப்பதா என்பதே பெரும்பாலும் அவற்றின் விதியாக இருந்தது. தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டம் வந்ததே 1972-இல்தான். அதன் பிறகும் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் திருடப்பட்டு ஆஸ்திரேலியா வரை சென்று, 2014-இல்தான் நாடு திரும்பினார். சட்டம் இருந்தும் இந்நிலை என்றால், அதற்கு முன்னர் காத்தவர்களின் அருமை விளங்கும்.

அந்தக் கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். ராசராசன் காலத்துச் செப்புத் திருமேனி. அவர் சாய்ந்து நின்ற காளை இல்லை. காளையின் மேல் ஊன்றியிருக்க வேண்டிய கை மட்டும் அந்தரத்தில், சற்றும் பதற்றமின்றி இளைப்பாறுகிறது. முதன்முறை கண்டபோது, இல்லாத காளையை நானும் சிறிது நேரம் கண்டேன். அன்று மதிய உணவை மறந்துபோனேன்.

1965-இல் தொண்டைமான் மறைந்தார். இன்று சாலைகள் விரிந்துள்ளன. வண்டி மாட்டை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. எந்த ஊரில் எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்பதைக் கைப்பேசி சொல்லிவிடுகிறது. அதே ஊரின் கோயில் மதிலோரம் சுண்ணாம்பு பூசப்பட்டுக் கிடக்கும் சிலை எந்தக் காலத்தது என்று கேட்பவர்தாம் குறைவு. ஒரு சிலை காணாமற்போனால் முதலில் அறிய வேண்டியவர், அதை முன்பே உற்றுப் பார்த்தவர். பார்க்காதவருக்கு இழப்பும் தெரியாது.

மாட்டுத்தாவணியில் இப்போதும் சாப்பிட்டுவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறேன். ஆனால், அவசரமில்லாத நாள்களில் ஒத்தக்கடையில் இறங்கி, நரசிங்கம் வரை நடந்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிக்கிறேன்.