சட்டம் கற்கும் முன் இலத்தீன் கற்றவர்

எஸ்.பி.எம். முடிவுகள் வந்ததும் பத்து காவான் வட்டாரத்து வீடுகள் பலவற்றில் ஒரு கேள்வி எழும். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளை படிவம் ஆறில் எந்தப் பாடங்களை எடுப்பது? வரலாறா, பொருளியலா, தமிழா? உறவினர் ஆளுக்கொரு யோசனை கூறுவர். 1888ஆம் ஆண்டில் இதே குழப்பத்தில் நின்ற ஓர் இளைஞரைத்தான் பின்னாளில் உலகம் மகாத்மா என்று அழைத்தது.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். பள்ளியில் சமஸ்கிருதம் அவருக்குக் கடினமாக இருந்தது. பாரசீகம் எளிது என்று பிறர் சொல்லக் கேட்டு, அந்த வகுப்பில் போய் அமர்ந்தார். சமஸ்கிருத ஆசிரியர் வருந்தி அழைத்ததும் திரும்பி வந்தார். அப்படித் திரும்பியதை எண்ணிப் பிற்காலத்தில் மகிழ்ந்தார்.

1888இல் பாவ்நகர் சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். பாடங்கள் புரியாமல் முதல் பருவத்தோடு வீடு திரும்பினார். குடும்ப நண்பரான மாவ்ஜி தவே, இங்கிலாந்து சென்று சட்டம் படிக்கும்படி கூறினார். காந்திக்கோ மருத்துவத்தில் ஆசை. பிணத்தை அறுக்கும் படிப்பு வைணவக் குடும்பத்துக்கு ஆகாது என்று அண்ணன் மறுத்துவிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார்.

லண்டனில் இன்னர் டெம்பிள் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். அங்குத் தேர்வுகள் எளிது. குறிப்புகளைப் படித்தே பலர் தேறினர். காந்திக்கு அது போதவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமலேயே, லண்டன் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேசன் தேர்வையும் எழுத முடிவு செய்தார். அதில் இலத்தீன் கட்டாயப் பாடம். அது வழக்கறிஞருக்குப் பயன்படும் என்று நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்னார். அதனுடன் பிரெஞ்சும் வேதியியலும் படித்தார். முதல் முறை இலத்தீனில் தோல்வி.

அவர் இலத்தீனை விட்டு ஓடவில்லை; அதில் சுவை கண்டார். ஆனால், செய்முறைப் பயிற்சிக்கு வசதியில்லாத வேதியியலை விடுத்து, வெப்பமும் ஒளியும் என்ற பாடத்தை எடுத்தார். அண்ணனின் செலவைக் குறைக்க ஒற்றை அறைக்கு மாறி, தாமே சமைத்துச் சாப்பிட்டார். 1890இல் தேறினார். ரோமானியச் சட்டத்தை இலத்தீன் மூலத்திலேயே படித்தார். 1891 ஜூன் 10ஆம் நாள் வழக்கறிஞரானார்.

உழைப்புக்கு உடனே பலன் கிட்டியதா? இல்லை. பம்பாயில் முதல் வழக்கில் நாவெழாமல் அமர்ந்துவிட்டார். மாதம் 75 ரூபாய் ஆங்கில ஆசிரியர் வேலையும், பட்டதாரி அல்லர் என்பதால் கைநழுவியது.

1893இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அந்நாட்டுப் பொதுச்சட்டம் ரோமானிய-டச்சு மரபில் வந்தது. அன்று படித்த இலத்தீன் இங்கே கைகொடுத்தது! வழக்கோ கணக்குகள் நிறைந்தது. காந்தி கணக்கியல் நூல் ஒன்றை வாங்கித் தாமே கற்றார். எந்தப் பாடமும் சட்டத்துக்கு அந்நியமல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

டர்பனில் தொழில் தொடங்கிய சில மாதங்களில், முதலாளியிடம் அடிபட்டுப் பற்கள் உடைந்த ஒரு தமிழர் அவரை நாடி வந்தார். ஒப்பந்தத் தொழிலாளரான அவர் பெயர் பாலசுந்தரம். அவர் பேசியதைக் காந்தியிடம் விளக்கியவர் அங்கு எழுத்தராக இருந்த தமிழரே. மருத்துவச் சான்று பெற்று, நீதிபதியிடம் அழைத்துச் சென்று, அவரை வேறொரு முதலாளியிடம் மாற்றிவிட்டார் காந்தி. பின்னர்த் தமிழையும் கற்க முயன்றார். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் இதே ஒப்பந்த முறையில்தான் நம்மவர் பலர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்காகப் பேச எத்தனை வழக்கறிஞர் இருந்தனர் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

1922இல் சிறைத்தண்டனை பெற்றதால் இன்னர் டெம்பிள் அவர் பெயரை நீக்கியது. 1948 ஜனவரி 30ஆம் நாள் அவர் சுடப்பட்டு மாண்டார். 1988இல்தான் அப்பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது.

சட்டத்துறையை நாடும் தம்பி தங்கையரே, எளிது என்பதற்காக ஒரு பாடத்தை எடுக்காதீர்கள்; ஒருமுறை சறுக்கியதற்காக ஒன்றைக் கைவிடாதீர்கள். மருத்துவமோ சட்டமோ, பிறர் சொல்லையும் கேட்டு நீங்களே முடிவெடுங்கள். மொழிகளை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். மலாயும் ஆங்கிலமும் நீதிமன்றத்தில் பேச உதவும். உங்களை நாடி வரும் பாலசுந்தரங்களின் குறையைக் கேட்டறியத் தமிழ் வேண்டும்.