சென்னைக்குத் திரும்பி வந்த பெருந்தகை

பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுச் செல்வது வாசுதேவநல்லூர் வட்டாரத்து மக்களாகிய நமக்குப் புதிதன்று. சென்றவருள் திரும்புவோரும் உண்டு, திரும்பாதோரும் உண்டு. திரும்புவோர் எதற்காகத் திரும்புகின்றனர் என்பதே நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், தாம் வாழ்ந்த நகருக்கு முதிர்ந்த வயதில் மீண்டு வந்து அரும்பணி ஆற்றிய இரட்டைமலை சீனிவாசன் அவர்களை நினைவுகூர்வது நம் கடமையாகும்.

செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் அப்பெருந்தகை. கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். உடன் பயின்றோருள் பெரும்பாலோர் உயர்சாதியினர். தம் குலம் தெரிந்துவிட்டால் அவமதிப்புக்கு ஆளாக நேரிடுமே என்று அஞ்சி, தோழர்களுடன் கலந்து பழகாமல் ஒதுங்கியே இருந்தார். விளையாடும் வயதில் விளையாடவும் இயலாத அந்த மாணவனின் நிலையை நம்மில் பலர் நன்கறிவோம். பின்னர் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றி, 1890இல் சென்னையை வந்தடைந்தார்.

சென்னையில்தான் அவருடைய பொதுவாழ்வு மலர்ந்தது. 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். எப்பெயரைப் பிறர் இழிவாகக் கருதினரோ, எதனை இளமையில் தாமே மறைக்க நேர்ந்ததோ, அப்பெயரையே இதழின் நெற்றியில் பொறித்தார். இரண்டணா விலையுள்ள அவ்விதழின் ஏறத்தாழ நானூறு பிரதிகள் இரண்டே நாள்களில் விற்றுத் தீர்ந்தன. மாத இதழ் விரைவிலேயே வார இதழாயிற்று. ஏழாண்டுகள் அது நம் மக்களின் குறைகளை ஆட்சியாளர் செவிகளில் ஒலித்தது.

1900ஆம் ஆண்டு அவர் சென்னையைப் பிரிந்தார். இங்கிலாந்து செல்லும் நோக்குடன் கப்பலேறியவர், ஆப்பிரிக்காவிலேயே தங்கும்படி ஆயிற்று. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். அங்கே காந்தியடிகளுடன் பழக்கம் ஏற்பட்டது. காந்தியடிகள் தமிழில் கையொப்பமிடக் கற்றது இவரிடமே என்பர்.

இருபதாண்டுகளுக்குப் பின், 1921இல் அவர் தாயகம் திரும்பிச் சென்னையில் குடியேறியபோது வயது அறுபதைக் கடந்திருந்தது. பிறர் சாய்வு நாற்காலியை நாடும் பருவம் அது. அவரோ பணியை நாடினார். 1923இல் சென்னைச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே, பொதுச்சாலை, கிணறு, குளம், பொது அலுவலகங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்த எவர்க்கும் தடையிருத்தலாகாது என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். தெருவில் நடப்பதற்கே தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது! தீர்மானம் ஏட்டில் ஏறியது. ஊர்தோறும் நடைமுறையாக்க நம் முன்னோர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

1930ஆம் ஆண்டிலும் 1931ஆம் ஆண்டிலும் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாடுகளில் டாக்டர் அம்பேத்கருடன் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியாக அமர்ந்தார். முன்னர்ச் செல்ல விழைந்த இலண்டனுக்கு, மூன்று பத்தாண்டுகள் கழித்துத் தம் மக்களின் குரலாகச் சென்றார். அங்கு இருவரும் தனித்தொகுதி வாக்குரிமை கோரினர். 1932இல் ஏற்பட்ட பூனா ஒப்பந்தம் அதற்கு மாறாக ஒதுக்கீட்டு இடங்களை வழங்கியது. தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்ட தொகுதியாக நம் வாசுதேவநல்லூர் விளங்குவதன் வேர் அங்கேதான் உள்ளது. தேர்தல்தோறும் வாக்களிக்கும் நம் இளைஞர் இதனை மறத்தலாகாது.

1945 செப்டம்பர் 18ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். திரும்பி வந்த பின் வாழ்ந்தது இருபத்துநான்கு ஆண்டுகளே. ஆயினும் அவருடைய பெரும் செயல்கள் பல அக்காலத்தவையே.

வெளியூர் செல்லும் நம் பிள்ளைகளை நாம் தடுக்கவில்லை. செல்லுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், பொருளீட்டுங்கள். ஆனால் ஒருநாள் திரும்புங்கள். விடுமுறைக்கு வந்தாலும், மாலையில் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுங்கள். தாம் கற்றதையும் கண்டதையும் தம் மக்களுக்கே கொண்டுவந்து சேர்த்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் மெய்யான நன்றி அதுவேயாகும்.