கருங்காய்ச்சல் ஒட்டுண்ணியைச் சென்னையில் கண்ட பேராசிரியர் சார்லஸ் டோனோவன்

சென்னை: மருத்துவக் கல்லூரிகளில் ஒட்டுண்ணியியல் பயிலும் மாணவர்கள் 'லீஷ்மேனியா டோனோவனி' என்ற பெயரை அறியாமல் தேர்வுக்குச் செல்வதில்லை. காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலை உண்டாக்கும் அந்த ஒட்டுண்ணியின் பெயரில் பின்பாதி, சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் கற்பித்த ஒரு பேராசிரியருடையது. அவர் சார்லஸ் டோனோவன். ஆய்வுக்கென்று தனிப் பதவி ஏதும் வகிக்காத அவர், ஆசிரியப் பணிக்கும் மருத்துவமனைப் பணிக்கும் இடையே அந்தக் கண்டுபிடிப்பை நிகழ்த்தினார்.

டோனோவன் 1863 செப்டம்பர் 19 அன்று கொல்கத்தாவில் பிறந்தார். அவருடைய தந்தை இந்தியாவில் நீதிபதியாகப் பணியாற்றிய அயர்லாந்துக்காரர். தொடக்கக் கல்வியை இந்தியாவில் பெற்ற டோனோவன், 13-ஆம் வயதில் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டு கார்க் நகரில் வளர்ந்தார். அங்கேயே மருத்துவம் பயின்று 1889-இல் பட்டம் பெற்றார். 1891-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, பிறந்த நாட்டுக்கே மருத்துவ அதிகாரியாகத் திரும்பினார்.

1898-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியரானார். அத்துடன் அரசு பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் பணியாற்றினார். கல்லூரியும் மருத்துவமனையும் அருகருகே இருந்ததால், வகுப்பறையும் நோயாளிகளின் படுக்கையும் நுண்ணோக்கியும் அவருக்கு ஒரே இடத்தில் வாய்த்தன.

அந்நாளில் அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் கருங்காய்ச்சல் ஊர் ஊராக மக்களை அழித்து வந்தது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வயிற்றின் இடப்புறம் வீங்கித் தெரியும் மண்ணீரல், இரத்தசோகை, உடல் மெலிவு ஆகியவை அதன் அறிகுறிகள். தோல் கருமையடைவதால் அப்பெயர் வந்தது. சிகிச்சை பெறாதவர்களில் பெரும்பாலோர் இறந்தனர். சென்னையிலும் ஜார்ஜ் டவுன் பகுதியில் இந்நோய் இருந்தது. ஆயினும் இதை முற்றிய மலேரியா என்றே மருத்துவர்கள் பலர் கருதினர். கொயினா கொடுத்தும் பயன் கிட்டவில்லை.

இதற்கிடையே, கொல்கத்தாவை அடுத்த டம்டம் படைமுகாமில் நோயுற்ற பிரிட்டிஷ் படைவீரர் ஒருவர் இங்கிலாந்தின் நெட்லி மருத்துவமனையில் 1900-இல் உயிரிழந்தார். அவருடைய மண்ணீரலை ஆராய்ந்த வில்லியம் லீஷ்மன், அதில் நுண்ணிய முட்டை வடிவப் பொருள்கள் இருப்பதைக் கண்டார். அதுபற்றிய கட்டுரை 1903 மே 30 அன்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோம் இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணிகள் இறந்து சிதைந்தபின் எஞ்சியவையே அவை என்பது லீஷ்மனின் கணிப்பு.

அந்த இதழ் கடல் கடந்து சென்னைக்கு வருவதற்கு முன்பே, டோனோவனும் அத்தகைய வடிவங்களைக் கண்டிருந்தார். நாள்பட்ட மலேரியாவால் இறந்ததாகக் கூறப்பட்டவர்களின் மண்ணீரலிலிருந்து எடுத்த பூச்சுகளில் 1903 ஏப்ரலிலேயே அவை தென்பட்டன. லீஷ்மனின் கட்டுரையைப் படித்த பின்னரே அவற்றின் முக்கியத்துவம் அவருக்கு விளங்கியது. இறந்தவர் உடலில் கண்டவை சிதைவின் விளைவாக இருக்கலாம். உயிருள்ளவர் உடலிலும் அவை உண்டா என்பதே விடை காணவேண்டிய வினாவாக இருந்தது.

1903 ஜூன் 17 அன்று, காய்ச்சலுற்றிருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி டோனோவன் இரத்தம் எடுத்தார். அச்சிறுவனின் உடற்பரப்பு இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி இல்லை. மண்ணீரல் இரத்தத்திலோ அதே முட்டை வடிவங்கள் இருந்தன. உயிருள்ள உடலில் அவற்றைக் கண்டதால், சிதைந்த எச்சங்கள் என்ற விளக்கம் வலுவிழந்தது. அவருடைய குறிப்பு அவ்வாண்டு ஜூலை 11 அன்று அதே இதழில் வெளியானது. நோயாளி உயிருடன் இருக்கும்போதே நோயை உறுதிப்படுத்தும் வழியும் அதனால் திறந்தது.

டோனோவன் தம் கண்ணாடித் தகடுகளை லிவர்பூலில் வெப்பமண்டல மருத்துவம் கற்பித்து வந்த ரொனால்ட் ராஸுக்கும், பாரிசில் இருந்த அல்ஃபோன்ஸ் லாவெரானுக்கும் அனுப்பினார். லாவெரானும் மெஸ்னிலும் அந்த ஒட்டுண்ணிக்கு டோனோவனின் பெயரைச் சூட்டி, ஏற்கனவே அறியப்பட்ட வேறோர் இனத்தில் சேர்த்தனர். ராஸ் அதைப் புதிய இனம் என்று முடிவு செய்தார். முதலில் கண்டவர் யார் என்பதில் லீஷ்மன் தரப்புக்கும் டோனோவனுக்கும் இடையே எழுந்த பூசல் எளிதில் ஓயவில்லை. இருவர் பெயரையும் இணைத்து 1903 நவம்பரில் ராஸ் முன்மொழிந்த 'லீஷ்மேனியா டோனோவனி' என்ற பெயரே நிலைத்தது. நோயாளியின் திசுவில் காணப்படும் வடிவங்கள் இன்றும் லீஷ்மன்-டோனோவன் துகள்கள் எனப்படுகின்றன.

நோய் எதிர்ப்பியல் வகுப்புகளிலும் இந்த ஒட்டுண்ணிக்குத் தனி இடம் உண்டு. உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கி அழிப்பவை பெருவிழுங்கணுக்கள். இந்த ஒட்டுண்ணியோ தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே தங்கிப் பெருகுகிறது. காவலன் வீட்டிலேயே கள்வன் குடியேறுவதைப் போன்றது இது. அத்தகைய அணுக்கள் மிகுந்துள்ள மண்ணீரலில் ஊசி செலுத்தியதால்தான் டோனோவனால் அதைக் காண முடிந்தது.

1905-இல் பிறப்புறுப்புப் புண் நோய் ஒன்றிலும் அவர் நுண்துகள்களைக் கண்டறிந்தார். அவற்றை ஓரணு ஒட்டுண்ணி என்று அவர் எண்ணியது பிழை. அவை பாக்டீரியா என்பது பின்னாளில் தெரியவந்தது. எனினும் அந்நோய் அவர் பெயரால் டோனோவனோசிஸ் என்றே அழைக்கப்படுகிறது. 1911-இல் தொடங்கப்பட்ட இராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளராகவும் அவர் பொறுப்பேற்றார்.

கருங்காய்ச்சலுக்கான மருந்து வேறிடத்தில் பிறந்தது. கொல்கத்தா கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் கற்பித்து வந்த உபேந்திரநாத் பிரம்மச்சாரி, எரிவாயுவும் குழாய்நீரும் மின்விளக்கும் இல்லாத சிறிய அறையில் உழைத்து 1920-இல் யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தை உருவாக்கினார். அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

நோய் பரவும் வழியைக் கண்டறியவும் டோனோவன் முயன்றார்; அது அவருக்குக் கைகூடவில்லை. சென்னையில் மூட்டைப்பூச்சி மீது விழுந்த ஐயமும் பொய்த்தது. மணல் ஈயின் கடியே காரணம் என்பதைச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் தன்னார்வலர்களைக் கொண்டு 1942-இல் உறுதி செய்தனர். அப்போது டோனோவன் இங்கிலாந்தில் ஓய்வு வாழ்க்கை நடத்திக்கொண்டிருந்தார். வண்ணத்துப்பூச்சிகள் மீது பேரார்வம் கொண்டிருந்த அவர், அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பட்டியலிட்டு 1936-இல் நூல் வெளியிட்டார். 1951 அக்டோபர் 29 அன்று, 88-ஆம் வயதில், க்ளோஸ்டர்ஷயர் பகுதியில் காலமானார்.

அவர் கண்ட ஒட்டுண்ணி இன்னும் முற்றிலும் மறையவில்லை. இந்தியாவில் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அதை ஒழிக்கும் பணி தொடர்கிறது. 2023-இல் வங்கதேசம் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கேரளத்தில், பீர்மேட்டுக்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணிப் பழங்குடியினரிடம் தோலைத் தாக்கும் வகை கண்டறியப்பட்டபோது, அதற்குக் காரணமாக இருந்ததும் இதே ஒட்டுண்ணிதான். அங்கும் ஆய்வாளர்கள் நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த பூச்சில், 1903-இல் சென்னையில் தென்பட்ட அதே முட்டை வடிவங்களையே தேடினர்.