மாஸ்க்கை ஊருக்கே மாட்டிய பினாங்கு டாக்டர்: வூ லியன்-தே யார்?

கொரோனா காலத்தில் மாஸ்க் போட்டு அலுத்துப்போனீங்களா? 110 வருஷத்துக்கு முன்பே அதை வலியுறுத்தியவர், 1879-ல் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்-தே. மாஸ்க்கைக் கண்டுபிடித்தது அவர் இல்லை. ஆபரேஷன் அறையில் ஏற்கெனவே இருந்தது. கொள்ளைநோய்க்கு எதிராக அதை வெளியே கொண்டுவந்தார்.

கேம்பிரிட்ஜில் படித்த அவரை, 1910 டிசம்பரில் சீன அரசு ஹார்பினுக்கு அனுப்பியது. அங்கே பிளேக். எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பரப்பும் என்று அன்றைய டாக்டர்கள் நம்பினார்கள். இல்லை, இது நுரையீரல் பிளேக், மூச்சுக்காற்றிலேயே பரவுகிறது என்றார் வூ. பஞ்சும் காஸ் துணியும் வைத்து மாஸ்க் செய்தார்.

அவரைவிட சீனியரான பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. மாஸ்க் இல்லாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் பிளேக்கிலேயே இறந்துபோனார். அதற்கப்புறம் மாஸ்க்கை யாரும் மறுக்கவில்லை.

சுமார் 60,000 பேரைப் பலிகொண்டு, 1911-ல் நோய் அடங்கியது. பிற்காலத்தில் மலாயா திரும்பிய வூ, ஈப்போவில் கிளினிக் நடத்தினார். 1960-ல் பினாங்கில் காலமானார்.