யாழ் நூல் வீடு திரும்பிய கதை

கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தின் முன் சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. பாடசாலை நாட்களில் அவர் எனக்குப் பரீட்சைக்குப் பாடமாக்கிய ஒரு பெயர் மட்டுமே. பின்னர் நான் செய்த ஒரு வேலைதான் அவரைத் தேடிப் படிக்க வைத்தது.

போர் முடிந்து சில வருடங்களின் பின், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுச் செயற்றிட்டத்தில் உதவியாளராக இருந்தேன். வாகனம் ஒழுங்கு செய்வது, அனுமதிக் கடிதம் எடுப்பது, படுவான்கரை வீடுகளுக்கு ஆய்வாளர்களைக் கூட்டிச் செல்வது, ஒலிப்பதிவுகளை எழுதிக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஓர் அம்மா மூன்று மணித்தியாலம் கதைத்தார். அந்தச் செயற்றிட்டம் முடிந்துவிட்டது. அவருக்கு ஒரு பக்கம்கூட வந்து சேரவில்லை. சந்தையில் கண்டால், எழுதிக்கொண்டு போனது என்னவாயிற்று என்று இன்றும் என்னைத்தான் கேட்கிறார்.

விபுலானந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தார். பிள்ளைப் பெயர் மயில்வாகனம். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். 1924இல் இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். ஊர் திரும்பி மிஷன் பாடசாலைகளின் நிர்வாகத்தைச் சுமந்தார். 1929இல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயம் தொடங்கியது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் பதவிக்கு முதலில் வந்தவர் அவரே. இடையில் இமயமலைப் பக்கம் மாயாவதியில் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராகவும் இருந்தார். எங்கிருந்தாலும் அவரை விடாதது ஒரே ஆய்வு: வழக்கொழிந்த யாழ். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தொடங்கி, தமிழறிவோடு கணிதத்தையும் பௌதிகத்தையும் சேர்த்து, பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்தார்.

அந்த உழைப்பை அவர் தனியே கரைசேர்க்கவில்லை. புதுக்கோட்டைச் சிதம்பரம் செட்டியார் அவரை ஆதரித்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்புதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி கொழும்பில் அவர் காலமானார். உடல் கல்லடிக்கே வந்தது.

ஆய்வும் வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அதே கல்லடியில் அவர் பெயரோடு இயங்குகிறது. எங்கள் பிள்ளைகள் அங்கே இசை படிக்கிறார்கள். கடல் கடந்து செய்த ஆய்வு, தமிழில் எழுதப்பட்டதால், இந்த வாவிக்கரைக்கும் சொந்தமாயிற்று.

ஆய்வு எங்கே நடந்தாலும், அதற்குத் தோள் கொடுப்பவர்கள் உண்டு. செட்டியாரும் சங்கமும் செய்த வேலையின் ஒரு சிறு துண்டைத்தான் நானும் செய்தேன். அவர்கள் நூலை வாசகர் கையில் சேர்த்தார்கள். நான் பதிவுகளை அனுப்பிவிட்டுச் சம்பளம் வாங்கினேன்.

இப்போது அப்படியான வேலைக்கு யாராவது அழைத்தால் முதலில் ஒன்று கேட்கிறேன்: முடிவு தமிழில், கதைத்தவர் வீட்டுக்குத் திரும்பி வருமா? வரும் என்று எழுத்தில் தராதவர்களுக்கு நான் வழி காட்டுவதில்லை. உங்கள் வாசலுக்குப் படிவத்தோடு வருபவர்களிடம், கையெழுத்துப் போடுமுன், நீங்களும் இதைக் கேளுங்கள்.