சர்க்கரை நோய்க் குழந்தைகளுக்கு விடுமுறை தந்த டாக்டர்

கோடை விடுமுறை வந்துவிட்டால் அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் முகாம் போடுவார்கள். பெற்றோரைப் பிரிந்து பிள்ளைகள் அங்கே சில வாரங்கள் தங்கி, நீந்தி விளையாடித் திரும்புவார்கள்.

சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் காலத்தில் அங்கே இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. தினமும் ஊசி போட வேண்டிய குழந்தைக்கு யார் பொறுப்பு ஏற்பது?

பொறுப்பு ஏற்க முன்வந்தவர்களில் ஒருவர், டாக்டர் எலியட் ஜாஸ்லின்.

அவர் 1869-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி மசாசூசெட்ஸ் மாகாணத்தில் ஆக்ஸ்போர்டு என்ற சிற்றூரில் பிறந்தார். (இங்கிலாந்தில் உள்ள ஆக்ஸ்போர்டு வேறு.) ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் படித்து 1895-ல் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரில் வைத்தியம் செய்தார். சர்க்கரை நோயாளி யார் வந்தாலும், மளிகைக் கடைக்காரர் பற்று வரவு எழுதுவதுபோல, பெரிய பேரேட்டில் விவரத்தை எழுதி வைத்தார்.

அவருடைய தாயாருக்கும் அந்த நோய் வந்தது. உணவைக் கட்டுப்படுத்தியதால் அந்த அம்மாள் பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

பட்டினி வைத்தியம்

குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் வேறு வகை. கணையம் இன்சுலினைச் சுரப்பதை அநேகமாக நிறுத்திவிடும். இரத்தத்தில் சர்க்கரை நிறைய இருக்கும். உடம்புக்கு அது பயன்படாது. குழந்தை ஓயாமல் தண்ணீர் கேட்கும். நாளுக்கு நாள் இளைக்கும். அந்தக் காலத்தில் ஓரிரு ஆண்டுகளில் முடிவு வந்துவிடும்.

சாப்பாட்டை மிக மிகக் குறைத்தால் சில மாதங்கள் கூடுதலாக உயிர் நிற்கும். ஜாஸ்லினும் இந்தப் பட்டினி வைத்தியத்தைச் செய்தார். கொடுமைதான். ஆனால் வேறு வழி இருக்கவில்லை.

கனடாவில் டொராண்டோ நகரில் 1921-ல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் அது முதன்முதலாக 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜாஸ்லினுக்கும் அந்த மருந்து கிடைத்தது. எலும்பும் தோலுமாய்க் கிடந்த குழந்தைகள் எழுந்து நடந்தார்கள்!

தாய்மாரின் கவலை

உயிர் பிழைத்தது. கவலை தீரவில்லை.

அந்தக் காலத்தில் கண்ணாடி ஊசிக் குழலைக் கொதிக்க வைக்க வேண்டியிருந்தது. சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்துச் சூடாக்க வேண்டியிருந்தது. நீலமாகவே இருந்தால் நல்லது. செங்கல் நிறமாக மாறினால் சர்க்கரை மிக அதிகம். ஊசி மருந்து கூடினாலும், பிள்ளை அதிகமாக ஓடியாடினாலும் சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம் வரும். உடனே சர்க்கரையோ ஆரஞ்சுப் பழச் சாறோ கொடுக்க வேண்டும். இப்படி இருக்கையில் எந்தத் தாய் பிள்ளையை வெளியே அனுப்புவாள்?

நோயாளியே தன் வைத்தியத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஜாஸ்லினின் கொள்கை. அதற்காக 1918-லேயே நோயாளிகளும் படிக்கும்படி ஒரு புத்தகம் எழுதினார். குழந்தைகளுக்குப் புத்தகம் போதாதே! அவர்கள் விளையாடிக்கொண்டே கற்பார்கள்.

மிச்சிகன் மாகாணத்தில் 1925-ல் டாக்டர் லெனார்டு வெண்ட் இத்தகைய குழந்தைகளுக்கு முகாம் நடத்தினார். ஜாஸ்லினின் ஆதரவோடு 1932-ல் அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்திலேயே சிறுமிகளுக்கு முகாம் தொடங்கியது. இடம் எது தெரியுமா? அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்த வீடு! சிறுவர்களுக்கு 1948-ல் அருகே சார்ல்ட்டனில் தனி முகாம் ஏற்பட்டது. அதற்கு ஜாஸ்லின் பெயரையே வைத்தார்கள்.

காலையில் சோதனை, ஊசி, அளந்த சாப்பாடு. பிறகு ஆட்டமும் பாட்டும். தனக்கு மட்டுந்தான் இந்த நோய் என்று எண்ணியிருந்த சிறுமி, தன்னைப்போல் பலர் ஊசியோடு வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். வீட்டில் அம்மா போட்டால் அழுதவள், இங்கே தானே போட்டுக்கொள்ளப் பழகுவாள். அந்த அம்மாவும் சில நாட்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

தொண்ணூறு வயதுக்குப் பிறகும் ஜாஸ்லின் உழைப்பை விடவில்லை. 1962 ஜனவரி 28-ந் தேதி, 92-வது வயதில், பாஸ்டனில் காலமானார்.